அத்தை சொல்லச் சொல்ல எழுதிய கடிதம்

1

சென்ற வாரம் என் மகள் தேவகி ஒரு விண்ணப்பத் தாளோடு சமையலறைக்குள் வந்தாள். பதினேழு வயது. நர்ஸ் படிப்புக்குப் போகிறாளாம். தாளில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள். தாயாருக்கு ஆபரேஷன் ஏதும் நடந்ததுண்டா, எதற்காக, எங்கே, முடிவு என்ன?

"அம்மா, ஒங்க வயித்துல இருக்கே பாருட், அது எப்படி வந்துச்சு?"

பாருட் என்றால் மலாய் மொழியில் தழும்பு. ஈப்போப் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தழும்பு என்ற சொல் தெரியாது. தழும்பே இல்லாமல் வளர்த்துவிட்டோம், சொல் எங்கிருந்து வரும்?

"ஆபரேசன் பண்ணுனது."

"ரிசல்ட் என்ன போட?"

"பாஸ்னு போடு."

அவள் சிரிக்கவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விண்ணப்பத் தாள் சாமி படத்துக்குச் சமம். பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "சீரியஸா சொல்லுங்கம்மா" என்றாள்.

சீரியஸாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் மீன்குழம்பு தீய்ந்துவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு அவள், "நீங்க அப்பாவ டிவோர்ஸ் பண்ணியிருக்கலாமே?" என்றாள், அந்த பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் வந்திருக்கலாமே என்பதுபோல. பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கீரமங்கலத்துப் பக்கம் இதே கதையை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இன்னும் இருக்கலாம். அவர்களுக்கும் யாராவது படித்துக் காட்டுங்கள்.

2

அப்போது இந்த நாட்டுக்கு மலாயா என்று பெயர். இப்போது மலேசியா என்கிறார்கள். என் வாய்க்கு இன்னும் பழகவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கிராணி. நம்மூரில் குமாஸ்தா என்பதைத்தான் இங்கே கிராணி என்பார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், ரோட்டில் துப்பாக்கியோடு வெள்ளைக்காரப் பட்டாளம், நடுவில் பால் மரங்களோடு நாங்கள். அவசரகாலம் என்று சர்க்காரே பெயர் வைத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிராணியைச் சுட்டுப் போட்டதும் இவர் பயந்துபோனார். என்னையும் நாலு வயதுத் தேவகியையும் கப்பலேற்றி, கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் ஆத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மலாயாவில் இருந்தால் உயிருக்கு ஆபத்தாம்.

ஆவணியில் வந்து இறங்கினேன். வீட்டில் மாமியார், கொழுந்தன் சிதம்பரம், அவன் மனைவி. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, பேச்சுக் குறைவு. பேசினால் எதிரில் இருப்பவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

கார்த்திகையில் வயிறு கொஞ்சம் முன்னால் வந்தது. நெய்யும் கடலையுமாகத் தின்றதால் என்று நினைத்தேன். தையில் சேலைக் கொசுவம் நிற்க மறுத்தது. கொழுந்தன் பெண்டாட்டி ஒரு நாள் மருத்துவச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கிழவி நாடியைப் பிடித்தாள், வயிற்றை அமுக்கினாள், கண்ணை மூடினாள், "நாலு மாசம்" என்றாள்.

நான் ஊருக்கு வந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனுசனால் நாலு மாதத்துக்கு முன்னால் என்ன செய்திருக்க முடியும்? பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் அந்தக் கழித்தல் தெரிந்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லை, மாசாமாசம் சரியா இருக்கு" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குளத்தில் நான் இறங்கினால் மற்றவர்கள் குளித்து முடித்திருப்பார்கள். சிதம்பரம் வீட்டுக்குள் என்னைப் பார்த்தால் கூரையைப் பார்ப்பான். கூரைதான் பாவம், அத்தனை நாளும் அவனைச் சகித்துக்கொண்டது. அத்தை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

3

மாசி மாதம், காலை வேளை. கிணற்றடியில் குனிந்து குடத்தைத் தூக்கினேன். வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. குடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பச்சையாக வாந்தி. தேவகியைப் பெற்றபோதுகூட அப்படி ஒரு வலி இல்லை.

உள்ளே தூக்கிப் போட்டார்கள். சிதம்பரம் வாசலில் நின்று தன் ஆத்தாவிடம் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஆத்தா, ஊரு சிரிக்கப்போகுது. மருத்துவச்சிய இங்கிட்டே வரச்சொல்லி வெளிய தெரியாம முடிச்சிருவோம்."

"செத்துப்போனா?"

"போனா..." என்றவன் அதற்கு மேல் சொல்லவில்லை.

அத்தையும் அவனைச் சொல்லவிடவில்லை. "வண்டியப் பூட்டுடா" என்றார்.

மாட்டு வண்டியில் கீரமங்கலம் போய்ச் சேர்ந்தபோது புதுக்கோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏற்ற மாட்டேன் என்றார். "பஸ்ஸுல உசுரு போனா எனக்குக் கேசும்மா. கோர்ட்டுக்கு யார் அலையிறது?"

அத்தை பஸ்ஸுக்கு முன்னால் போய், பம்பரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். "இப்ப எடு. ரெண்டு கேசாப் போயிரும்."

ஏற்றிக்கொண்டார். நீள சீட்டில் என்னைப் படுக்க வைத்து, தலையை மடியில் போட்டுக்கொண்டு, அத்தை டிரைவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். "அங்கிட்டு நிறுத்தாத. அந்தாளு அடுத்த பஸ்ஸுல வருவாரு. போ." வழியில் வம்பன் என்று ஓர் ஊர் வரும். அந்தப் பெயரை எங்கள் ஊருக்கு வைத்திருக்க வேண்டும் என்று அந்த வலியிலும் எனக்குத் தோன்றியது.

மலாயாவில் ஆறு வருடம் இருந்த பழக்கம். வலி உச்சிக்கு ஏறும்போது வாயில் மலாய்தான் வருகிறது. "சாக்கிட், சாக்கிட்" என்று கத்தியிருக்கிறேன். வலிக்கிறது என்று அர்த்தம். பின் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் குனிந்து, அக்கறையாக, "யாருத்தா அந்தச் சாக்கிட்டு? ஆளு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது. எல்லோருக்கும் பதில் தேவைப்பட்டது.

"ஒங்க வேலையப் பாத்துக்கிட்டு வாங்க" என்றார் அத்தை. அவர் கை என் நெற்றியை விட்டு எடுபடவில்லை.

4

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தும் அத்தைக்கு அது ராசா கட்டின ஆஸ்பத்திரிதான். உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சீட்டு எழுதும் இடத்தில் ஒருவர் புருஷன் பெயர் கேட்டார். புருஷன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சாகும்போது போய்ப் பழக்கத்தை மாற்றுவதா என்று அத்தையைப் பார்த்தேன். அத்தை சொன்னார். "எங்கே இருக்கிறார்?" என்பது அடுத்த கேள்வி. "மலாயாவில்" என்றதும் அவர் பேனா நின்றது. என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி எழுதினார். நல்ல மனுசர், ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பிள்ளை மாதிரித் தெரியலையே" என்றார். ஐந்து வாரமாக நான் ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தை. ஒரு டாக்டர் வாயால் அதைக் கேட்டதும் அழுகை வந்தது. வலியால் அழுகிறேன் என்று ஊசி போட்டார்கள்.

சூல்பையில் கட்டி. அதன் காம்பு முறுக்கிக்கொண்டதாம். வெளியே எடுத்து எடை போட்டார்கள்: நாலரை பவுண்டு. தேவகி பிறந்தபோதுகூட அதைவிட ஒரு பவுண்டுதான் அதிகம் இருந்தாள்.

நான் கண் விழித்தபோது தலையணைக்கு மேலே ஒரு பொட்டலம் குங்குமம், கீழே ஒரு மாதா சுரூபம். குங்குமம் அத்தையுடையது. சுரூபம் நர்ஸ் அருளம்மா வைத்தது. ஆவூர்க்காரி, என் வயதுதான், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். திருக்கோகர்ணத்தில் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தாள்.

மூன்றாம் நாள் தையல் சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறியது. டாக்டரம்மா பெனிசிலின் போட்டுவிட்டு, இனி பொறுத்திருந்துதான் பார்க்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அருளம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஒங்க ஆத்தாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு தாயி. நான் எங்க அம்மன்கிட்டச் சொல்லியாச்சு. ரெண்டு ஆபீசுலயும் மனு இருக்கட்டும்."

"ரெண்டு பேரும் குடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று அருளம்மா கேட்டாள்.

"வாங்கிக்குவோம். வேணாம்னு சொல்லுவாகளா?"

காய்ச்சல் மூளைக்கு ஏறியிருந்த எனக்கு இதெல்லாம் தெளிவாகக் கேட்டது. நான் யாரையும் கும்பிடவில்லை. எனக்கு வேண்டிய அளவு அவர்களே கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு பெண்களின் முணுமுணுப்பும் நின்றுவிடக் கூடாது, நின்றால் நான் போய்விடுவேன் என்று ஒரு பயம் எனக்கு இருந்தது. பக்தி என்பது இதுதான் என்றால், மூன்று நாள் நானும் பக்தையாக இருந்தேன்.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அத்தை நேராக டாக்டரம்மாவிடம் போனார்.

"அந்தக் கட்டிய ஒரு பாட்டில்ல போட்டுக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"ஊருக்குக் கொண்டுபோகணும். நாலு பேருக்குக் காட்டணும்."

டாக்டரம்மாவுக்கு முதலில் சிரிப்பு. காரணத்தைக் கேட்டபின் சிரிப்பு போய்விட்டது. "பாட்டிலை வெளியே குடுக்க முடியாது. பார்க்கணும்கிறவங்களை இங்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அத்தை மறு பஸ்ஸில் ஊருக்குப் போய், மருத்துவச்சியையும் இளைய மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் இன்னும் மூன்று பேர். கண்ணாடி ஜாடிக்குள் மருந்துத் தண்ணீரில் அது மிதந்தது. கோயில் சன்னதி மாதிரி வரிசையில் நின்று பார்த்தார்கள். மருத்துவச்சி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். தன் தொழிலை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"இதுவும் ஒரு மாதிரி புள்ளதான்" என்றாள்.

5

பதினோராம் நாள் அத்தை மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். மலாயாத் தபால்தலை. அத்தை பெயருக்கு வந்திருந்தது. அத்தைக்கு எழுத்து தெரியாது.

"சிதம்பரம் நான் படிச்சுக் காட்டுறேன்னு குதிச்சான். அவ்வளவு ஆசையா ஒரு வேலைக்கு அவன் வந்து நான் பாத்ததில்ல. அதான் இங்க கொண்டாந்தேன். நீ படி."

பிரித்தேன். சிதம்பரம் தையிலேயே அண்ணனுக்கு எழுதியிருக்கிறான், இது பதில். ஆபீஸ் கடிதம் மாதிரி நாலே வரி. தம்பியின் கடிதம் கிடைத்தது. இனி அவள் நம் வீட்டில் இருக்கக் கூடாது. பிறந்த வீட்டில் விட்டுவிடவும். குழந்தை தேவகி மட்டும் நம்மிடம் இருக்கட்டும்.

எழுத்து நன்றாகத் தெரிந்தது. மடித்து வைக்கத்தான் கை வரவில்லை. அந்தக் கட்டியைக் கூட மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள்.

"படிக்கிறேன் அத்தை. எல்லாரும் சுகமான்னு கேட்டிருக்காக. அங்க நல்ல மழையாம். பால் மரமெல்லாம்..."

"ஏத்தா பாக்கியம்." அத்தை என் கையைப் பிடித்தார். "அவன் பொறந்ததுலருந்து மழையப் பத்திப் பேசி நான் கேட்டதில்ல. என்ன இருக்கோ அதப் படி."

படித்தேன். ஒரு வார்த்தை விடாமல்.  அருளம்மா பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"தாயி, தாளும் பேனாவும் இருக்கா?" என்றார் அத்தை.

அருளம்மா கொண்டுவந்தாள். எனக்கு முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தார்கள்.

"எழுது. டேய் மூதேவி."

"அத்தை, என் வீட்டுக்காரர நான் எப்படி..."

"எழுதுறது நீ. சொல்றது நான். எழுது."

டேய் மூதேவி என்று எழுதினேன். உள்ளதைச் சொல்கிறேன், மிக அழகாக எழுதினேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவ்வளவு திருத்தமான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை.

"ஒம் பொண்டாட்டி வயித்துல இருந்தது புள்ளயில்ல, கட்டி. நாலர பவுண்டு. டாக்டரம்மா இங்கிலீசுல எழுதிக் குடுத்த சீட்டு இதோட வச்சிருக்கு. இங்கிலீசு படிச்சவன்தான நீ, படிச்சுப் பாரு. இவ செத்துப் பொழச்சுக் கெடக்கா. நீ எழுதுன கடுதாசிய இவதான் எனக்குப் படிச்சுக் காட்டுனா. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"அழுவாத, மை கலைஞ்சிரும். இன்னும் எழுது. இதுக்குப் பதில் எழுதாத. நேர்ல வா. வந்து இவ மொகத்தப் பாத்துப் பேசு. நீ வார வரைக்கும் இவ எங்கூட இருப்பா. நீ வரலைன்னாலும் எங்கூடத்தான் இருப்பா."

உறையின் மேல் அவர் பெயரை நான்தான் எழுத வேண்டும். தயங்கினேன். தமிழில் எழுதினால்தான் தப்பு, இங்கிலீஷில் எழுதினால் தோஷமில்லை என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். அன்றைய தினம் சாஸ்திரங்கள் எல்லாம் அவர் சொன்னபடி கேட்டன.

6

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது, இரண்டு மாதத்துக்கு பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்றார்கள். அருளம்மா எங்களைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். ஒற்றை அறையில் அவள், அத்தை, நான், ஊரிலிருந்து கூட்டிவந்த தேவகி. காலையில் அத்தை கோகர்ணத்து அம்மனைப் பார்க்கப் போவார். ஞாயிற்றுக்கிழமை அருளம்மா ஆவூர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவாள். என்னைப் பிழைக்க வைத்தது யார் என்பதில் இருவருக்கும் இடையே ஒரு மரியாதையான போட்டி இருந்தது. டாக்டரம்மா பெயரை நான் எடுத்தால் இரண்டு பேருமே, "அவுக கைக்கும் யாரு பலம் குடுத்தது?" என்பார்கள். அந்த இடத்தில் மட்டும் கட்சி ஒன்றாகிவிடும்.

முதலில் சுவரைப் பிடித்து நடந்தேன். பிறகு வாசல் வரை. பிறகு கோயில் குளம் வரை. ஒரு பக்கம் அத்தை தோள், மறு பக்கம் அருளம்மா தோள். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று அருளம்மா பயமுறுத்தி வைத்திருந்தாள். ஆனால் அத்தை பேசப் பேச எனக்குச் சிரிப்பு வரும். வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு சிரிக்கப் பழகினேன். இப்போதும் பெரிய சிரிப்பு வந்தால் கை தானாக அங்கே போகிறது. ஈப்போவில் உள்ள தோழிகள் அதை ஏதோ நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லீவு, கப்பல், மறுபடி மலாயாவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வைகாசியில் என் வீட்டுக்காரர் வந்தார். கால்சட்டை, கையில் ஒரு டின் பிஸ்கட். வாசலில் நின்று, "ஒடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன். "எங்க ஆத்தா வீட்டுக்கு எப்பக் கொண்டுபோய் விடப் போறீங்க?"

பிஸ்கட் டின்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு படியில் உட்கார்ந்து அழுதார். ஆபீஸ் கிராணி அழுது நான் பார்த்ததில்லை. "நான் ஒன்னைய ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கணும்" என்றார். மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் நான் உள்ளே போயிருப்பேன். அது ஒன்றுதான் சரியான வாக்கியம். எப்படியோ தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தார்.

அத்தை அவருக்குச் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும், "நாளைக்குக் காலையில கோயிலுக்குப் போகணும். வேண்டுதல் இருக்கு, மொட்டை போடணும்" என்றார்.

நான் பதறிப்போனேன். முழங்கால் வரை முடி எனக்கு. "எனக்கா அத்தை?"

"ஒனக்கு எதுக்கு? நீதான் வயித்தையே குடுத்துட்டியே. அவனுக்கு."

குளத்தங்கரையில் கிராணியாரின் அலை அலையான கிராப்பு கீழே விழுந்தது. அருளம்மா ஆவூரிலும் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். அங்கே போய் அந்த மொட்டைத் தலையோடு அவர் முழந்தாளிட்டு மெழுகுதிரி ஏற்றினார். திரும்பும்போது பினாங்குத் துறைமுகத்தில் குடிநுழைவு அதிகாரி பாஸ்போர்ட் படத்தைப் பார்ப்பார், இவர் தலையைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். நீர்தானா இது என்று மூன்று தடவை கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஆமாம் என்றேன்.

அப்பாவை மன்னித்துவிட்டீர்களா என்று தேவகி கேட்டாள். பெரும்பாலான நாட்களில் என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதுவது அவருக்கும் தெரியும். படிக்கக் கேட்டார், கொடுத்தேன். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

7

தேவகியிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது.

நாங்கள் புறப்பட்ட காலையில் புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு அத்தை வந்திருந்தார். என் வீட்டுக்காரர் பெட்டிகளைப் பார்க்கப் போயிருந்தார். தேவகி அருளம்மாவின் இடுப்பில் இருந்தாள். இதற்கு மேல் கேட்க நேரம் கிடைக்காது என்று நான் கேட்டேன்.

"அத்தை, அன்னிக்கு என்னைய வண்டியில ஏத்துறப்ப, அது புள்ளயில்லைன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?"

"என்னைய நம்புனீங்க, இல்லையா?"

அத்தை வெற்றிலைச் சாற்றைத் தண்டவாளத்துப் பக்கம் துப்பிவிட்டு வந்தார்.

"இல்ல. புள்ளன்னுதான் நெனச்சேன்."

 அத்தை என் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டே, நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"பஸ்ஸுல பூரா அதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். இவ பொழச்சு எந்திரிக்கணும், புள்ளயும் பொழைக்கணும், ஊரு பேசுனா என்ன பதில் சொல்றதுன்னு. ஆம்பளப் புள்ளயா இருந்தா எங்க அப்பன் பேரு வைக்கலாம்னு முடிவு பண்ணித்தான் ஒன்னைய ஆசுபத்திரியில எறக்குனேன்."

ரயில் வந்து நின்றது. "ஏறு ஏறு, புள்ளய வாங்கு" என்று என்னைத் தள்ளி ஏற்றினார்.